ஃபுஜி மலையடியில் குளிர்கால கிளாம்பிங்: குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு

டிசம்பர் கடைசியில் கவாகுச்சி ஏரிக்கரையில் மாலை 4.30 மணி வாக்கில் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். மறுநாள் சூரியன் எட்டிப் பார்க்க 6.50 ஆகிவிடும். நடுவே 14 மணி நேரம் இருட்டும் உறைகுளிரும்தான். விளம்பரப் படங்களெல்லாம் பகல் வெளிச்சத்திலோ அந்தி நேரத்திலோ எடுத்தவை. ஆனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பயணம் இனிப்பதும் கசப்பதும் அந்த 14 மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதனால் இடம், கூடாரம், துணி, சாப்பாடு என எதைத் தேர்ந்தெடுத்தாலும் "ராத்திரி இது எப்படி இருக்கும்?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளாம்பிங்கில் கூடாரம் அடிக்கிற வேலை இல்லை. கட்டில், மெத்தை, மின்சாரம், ஹீட்டர், அடுப்பு எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கும். ஆனாலும் அது ஹோட்டல் அறை அல்ல. உங்களுக்கும் மைனஸ் 6 டிகிரிக்கும் நடுவில் பல இடங்களில் ஒரு பிளாஸ்டிக் துணிதான் இருக்கும்.

எங்கே, எப்போது

குளிர்கால ஜப்பான் என்றால் எங்கும் பனி கொட்டிக் கிடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பனி கொட்டுவது பெரும்பாலும் ஜப்பான் கடலைப் பார்த்த பக்கத்தில். பசிபிக் பக்கம் வறண்ட குளிரும் நீல வானமுமாக இருக்கும். ஃபுஜியைச் சுற்றியுள்ள ஐந்து ஏரிப் பகுதி இந்த இரண்டாவது வகை. மலை மிகத் தெளிவாகத் தெரிவதும் இந்த மாதங்களில்தான்.

கவாகுச்சிகோ ('கோ' என்றால் ஏரி) ஏறத்தாழ 830 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, யமனாகாகோ 980 மீட்டர். ஜனவரி அதிகாலையில் கவாகுச்சிகோவில் மைனஸ் 5, 6 டிகிரி என்பது சாதாரணம். மைனஸ் 10-க்கு இறங்கும் நாள்களும் உண்டு. யமனாகாகோ இன்னும் குளிர். கைக்குழந்தையோடோ வயதான பெற்றோரோடோ முதல்முறை போகிறவர்களுக்கு டோக்கியோவுக்குத் தென்கிழக்கே இருக்கும் போசோ தீபகற்பம் அல்லது தென்மேற்கே இருக்கும் இசு தீபகற்பம் எங்கள் முதல் பரிந்துரை. கடலோரம் என்பதால் அங்கே குளிர் அவ்வளவு கடிக்காது. ஃபுஜியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கவாகுச்சிகோ.

டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை புத்தாண்டு நெரிசல், விலையும் உச்சத்தில் இருக்கும், கடைகள் பலவும் மூடியிருக்கும். ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை அரசு விடுமுறை என்பதால் அந்த வார இறுதியையும் தவிருங்கள். ஜனவரி நடுவில் செவ்வாய், புதன் கிழமைகள் மலிவு, அமைதியும் கூட.

பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

விலையை முதலில் கவனியுங்கள். ஜப்பானில் தங்குமிட விலை பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரண்டு பேர் என்று போட்டுப் பார்த்த தொகை நான்கு பேருக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பெற்றோர் கட்டிலிலேயே படுத்துக்கொள்ளும் சிறு குழந்தைக்குக் கட்டணம் இல்லாத இடங்கள் உண்டு. அதை 'சொய்நே' என்பார்கள். எத்தனை வயது வரை என்பதைக் கேட்டு வையுங்கள்.

அடுத்தது கழிப்பறை. இதற்கு மேல் முக்கியமான கேள்வி கிடையாது. கூடாரத்துக்குள்ளேயே இருக்கிறதா, ஒட்டிய தனி அறையா, அல்லது 50 மீட்டர் நடக்க வேண்டுமா? இரவு 2 மணிக்கு ஐந்து வயதுப் பிள்ளையை எழுப்பி, கோட்டு, சாக்ஸ், ஷூ எல்லாம் மாட்டி, மைனஸ் 6-ல் கூட்டிப் போய்வந்தால் அதன் பிறகு யாருக்கும் தூக்கம் வராது.

மூன்றாவது, சூடு எதிலிருந்து வருகிறது? வெப்பக் காற்றும் தரும் ஏசி மட்டுமா, மண்ணெண்ணெய் ஹீட்டரா, தரைக்கு மின்கம்பளம் உண்டா? வெறும் ஏசியை நம்பிக் குவிமாடக் கூடாரத்தில் தங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கடுங்குளிரில் ஏசியின் வெளிப்பெட்டியில் பனி படியும். அதை உருக்க இயந்திரம் பத்து நிமிடம் போல வெப்பக் காற்றை நிறுத்திவிடும். மெல்லிய கூடாரம் அதற்குள் சில்லிட்டுவிடும்.

கூடாரங்களில் அழகானது குவிமாடம்தான். ஒரு பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், அதன் வழியே மலை. ஆனால் சூடு உச்சிக்கு ஏறி நிற்கும், தரை பனிக்கட்டியாக இருக்கும். நீங்கள் மூச்சு விடும் ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகி இறங்கும். மரத்தால் கட்டிய கேபினும் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடும் படத்தில் இவ்வளவு அழகில்லை, ஆனால் சுவருக்குள் வெப்பத்தடுப்பு இருக்கும். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் கேபினை எடுத்துவிடுங்கள்.

போய்ச் சேர்வது

டோக்கியோ ஷிஞ்சுகுவிலிருந்து விரைவுப் பேருந்தில் சுமார் 1 மணி 45 நிமிடம். ரயிலென்றால் 'ஃபுஜி காய்யூ' என்ற சிறப்பு விரைவு வண்டி, 2 மணி நேரத்துக்குள் கவாகுச்சிகோ நிலையத்தில் இறக்கிவிடும். அதில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான், ஒரு மாதம் முன்பே பதிவு திறக்கும், வார இறுதி வண்டிகள் சீக்கிரம் நிரம்பும். ஜேஆர் ரயில்களுக்கான சுற்றுலாச் சீட்டான ஜேஆர் பாஸ், வழியிலுள்ள ஓட்சுகி நிலையம் வரைக்கும்தான் செல்லும். அதற்கு அப்பால் ஃபுஜிக்யூ என்ற தனியார் ரயில் பாதைக்குத் தனிக்கட்டணம்.

பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் 'தக்யூபின்' என்று சொன்னால் அடுத்த ஹோட்டலுக்கே அனுப்பிவிடுவார்கள். ஒரு இரவுக்கான பை மட்டும் கையில் போதும்.

கார் எடுப்பவர்களுக்கு மூன்று செய்தி. இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த சர்வதேச உரிமம் 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கியதாக இருந்தால் செல்லும். ஆறு வயதுக்குக் கீழான பிள்ளைக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். குளிர்கால டயர் டோக்கியோவில் எடுக்கும் காரில் தானாக வராது. 'ஸ்டட்லெஸ்' என்று கேட்டு, கூடுதல் பணம் கட்டிப் பெற வேண்டும். பனியே பெய்யாவிட்டாலும் அது வேண்டும். பகலில் உருகிச் சாலையில் ஓடிய நீர், இரவில் மரநிழல் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாக உறைந்திருக்கும். பார்த்தால் வெறும் ஈரச் சாலை போலத்தான் தோன்றும். பனி அறிவிப்பு வந்தால் காரை மறந்து ரயிலுக்கு மாறுங்கள். அரிதுதான் என்றாலும் 2014 பிப்ரவரியில் கவாகுச்சிகோவில் 143 செ.மீ. பனி குவிந்து ஊரே துண்டிக்கப்பட்டது.

துணி

உடம்பை ஒட்டிப் போடுவது பருத்தியாக இருக்கக் கூடாது. ஓடியாடும் பிள்ளைக்கு வியர்க்கும், பருத்தி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நின்றவுடன் முதுகு சில்லிடும். தெர்மல், அதன் மேல் ஃபிலீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்று புகாத கோட்டு என மூன்று அடுக்கு. காதை மூடும் குல்லாவும் கழுத்துக்கு ஒரு சுற்றும் இருந்தால் பாதிக் குளிர் அடங்கும். ஊரிலிருந்தே எல்லாவற்றையும் வாங்கி வர வேண்டாம், ஜப்பானில் யூனிக்லோ போன்ற கடைகளில் விலை நியாயம். பிள்ளைகள் துணி அளவை அங்கே உயரத்தில் சொல்வார்கள். 110 என்றால் 110 செ.மீ. உயரப் பிள்ளைக்கு. ஷூ அளவும் சென்டிமீட்டரில்தான். தடித்த சாக்ஸுக்காக அரை சென்டிமீட்டர் கூட்டி எடுங்கள். 100 யென் கடைகளில் கையுறையும் கிடைக்கும், ஷூவுக்கு அடியில் மாட்டும் வழுக்காப் பட்டையும் கிடைக்கும்.

'கைரோ' என்ற சூட்டுப் பையைப் பத்துப் பத்தாக வாங்குங்கள். உள்ளே இருப்பது இரும்புத்தூள். உறையைப் பிரித்ததும் காற்றில் துருப்பிடிக்க ஆரம்பித்துச் சூடேறும், பெரியது 10, 12 மணி நேரம் தாங்கும். உள்சட்டைக்கு மேலே, அடிமுதுகிலோ அடிவயிற்றிலோ ஒட்டுங்கள். தோலில் ஒட்டவே கூடாது, ஒட்டிக்கொண்டு தூங்கவும் கூடாது. 44 டிகிரி என்பது தொட்டால் இதமான சூடுதான். ஆனால் ஒரே இடத்தில் மூன்று, நான்கு மணி நேரம் பட்டால் தோலின் அடி ஆழத்தில் புண்ணாகிவிடும். வலி தெரியாமல் நடப்பதால் காலையில்தான் கவனிப்பீர்கள். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மதியம் 3 மணி முதல் இருட்டும் வரை

உள்ளே விடுவது பெரும்பாலும் மாலை 3 மணிக்கு. அதற்கு முன் கடை வேலையை முடித்துவிட்டு 3 மணிக்கே போய் நில்லுங்கள். 5 மணிக்குப் போகிறவர்கள் இருட்டில் விறகோடு மல்லாடுவார்கள். போனவுடன் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. எல்லா ஹீட்டரையும் போட்டுவிடுங்கள். குளிர்ந்துபோன கட்டிலும் மெத்தையும் சூடேற ஒன்று, இரண்டு மணி நேரமாகும். மின்கம்பளத்தைத் தரையில் விரித்து, அதன் மேல் ஒரு போர்வை போட்டு வையுங்கள்.
2. ஃபியூஸ் பெட்டி எங்கே, எத்தனை ஆம்பியர் என்று ஊழியரிடம் கேளுங்கள்.
3. தனிக்குளியல் அறை இருந்தால் அப்போதே நேரம் குறித்துவிடுங்கள்.
4. வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளோடு கழிப்பறைக்கு ஒருமுறை நடந்து வழி பாருங்கள்.

ஆம்பியர் கணக்கு ஏன்? ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். ஒரு பிளக் பெட்டி தாங்குவது 15 ஆம்பியர், அதாவது 1,500 வாட். மின் ஹீட்டர் 1,200 வாட், கெட்டில் 1,200, முடி உலர்த்தி 1,200, மின்கம்பளம் ஏறத்தாழ 500. ஹீட்டர் ஓடும்போது அதே இணைப்பில் கெட்டிலைப் போட்டால் மொத்தக் கூடாரமும் இருட்டாகும். பால் சுடவைக்க வேண்டுமா, ஹீட்டரை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன 230 வோல்ட் கெட்டில் அங்கே சரியாகச் சூடாகாது, அதைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். போன் சார்ஜர் வேலை செய்யும், ஆனால் இரண்டு தட்டைக் கால் உள்ள அடாப்டர் வேண்டும்.

மண்ணெண்ணெய் ஹீட்டரோடு பழகுவது

நம்மில் பலருக்கு இது புதுப் பொருள். முட்டிக்காலளவு உயரப் பெட்டி, முன்பக்கம் சல்லடை, மேலே நாலைந்து பொத்தான். பெரிய பொத்தானை அழுத்தினால் உடனே எதுவும் நடக்காது. ஓரிரு நிமிடம் விளக்கு மட்டும் மினுக்கும், பிறகு 'டப்' என்று பற்றி, கீழ் சல்லடை வழியாகச் சூடான காற்று தரையோடு தவழ்ந்து வரும். பற்றும்போதும் அணைக்கும்போதும் மண்ணெண்ணெய் வாடை வருவது இயல்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே வாடை வந்தாலோ கண் எரிந்தாலோ அணைத்துவிட்டு ஊழியரைக் கூப்பிடுங்கள்.

பெரும்பாலான ஹீட்டர்கள் 3 மணி நேரத்தில் பாதுகாப்புக்காகத் தாமே அணைந்துவிடும். அணைவதற்கு முன் ஒலி எழுப்பும், அப்போது 'என்ச்சோ' என்ற நீட்டிப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். "ராத்திரி ஹீட்டர் கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். 5 லிட்டர் தொட்டி முழு வேகத்தில் ஏறத்தாழ 16 மணி நேரம் வரும், ஆனாலும் படுக்கும் முன் அளவைப் பாருங்கள்.

இந்த ஹீட்டரின் புகை உள்ளேயே தங்குகிறது. அதனால் மணிக்கு ஒன்றிரண்டு முறை, ஓரிரு நிமிடம் கதவையோ ஜன்னலையோ திறந்து காற்றை மாற்றுங்கள். கூடாரத்தின் மேல் துவாரத்தைக் குளிருக்குப் பயந்து துணியால் அடைக்காதீர்கள். காற்று மாறாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் போன்றவைதான் அறிகுறி. இவை தெரிந்தால் எல்லாரையும் உடனே வெளியே கொண்டுவந்து, ஆம்புலன்ஸுக்கான 119-க்கு அழையுங்கள். கையளவு எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தலைமாட்டில் வைப்பது செலவுக்குத் தகுந்த நிம்மதி. தூங்கும்போது மண்ணெண்ணெய் ஹீட்டரை அணைத்துவிட்டு ஏசிக்கும் மின்கம்பளத்துக்கும் மாறிவிடுங்கள்.

கரி அடுப்பையோ கையடக்க கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரியும் கரிகூட ஆளைக் கொல்லும் அளவுக்கு அந்த வாயுவை விடும்.

சாப்பாடும் நெருப்பும்

விருந்து பெரும்பாலும் பார்பிக்யூ. மாடும் பன்றியும் தாராளமாக இருக்கும். சாப்பிடாதவர்கள் பதிவு செய்யும்போதே ஜப்பானிய மொழியில் எழுதுங்கள், ஒரு வாரம் முன் மறுபடி உறுதி செய்யுங்கள். "நிகு தோ சகானா வா தபேமாசென்" என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டோம் என்று பொருள். அங்கே சைவம் என்றால் துண்டுக்கறி இல்லை என்ற அளவில்தான் பலர் புரிந்துகொள்வார்கள். சூப்பிலும் சாஸிலும் இருக்கும் 'தாஷி' பெரும்பாலும் உலர்மீன் சாறு. அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஏரிகள் இருக்கும் யமனாஷி மாநிலத்தின் சிறப்பான 'ஹோதோ', பூசணி போட்ட பட்டை நூடுல்ஸ், பார்க்கச் சைவமாகத் தெரியும், ஆனால் குழம்பு பெரும்பாலும் மீன்சாறுதான். கடையில் கட்டியாக விற்கும் குழம்பு மசாலாவில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சகஜம்.

சைவர்களுக்கு நம்பகமான வழி: மைக்ரோவேவில் 2 நிமிடத்தில் தயாராகும் 200 கிராம் சாத டப்பா, ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சல், ஊறுகாய், பருப்புப்பொடி. மசாலா தீர்ந்தால் டோக்கியோவிலேயே ஷின் ஓகுபோவிலும், இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி கசாயிலும் வாங்கலாம். இறைச்சி கலந்த எதையும், சான்றிதழ் இல்லாத பச்சைக் காய்கறி, பழம், கறிவேப்பிலையையும் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். கூட ஒரு அலுமினியத்தாள் சுருள் வைத்துக்கொள்ளுங்கள், கறி வெந்த கம்பியின் மேல் விரித்தால் சைவத்துக்குத் தனி அடுப்பு கிடைத்த மாதிரி.

பிள்ளைகள் மறக்காத பண்டம் ஒன்று உண்டு, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஈரச் செய்தித்தாளில் கிழங்கைச் சுற்றி, அதன் மேல் அலுமினியத்தாளை இரண்டு சுற்று சுற்றுங்கள். கொழுந்து விட்டு எரியும் தீயில் போட்டால் வெளியே கரியும் உள்ளே பச்சையுமாக நிற்கும். விறகு எரிந்து அடங்கித் தணலான பிறகு, தணலின் ஓரத்தில் புதையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை புரட்டினால் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குள் குச்சி வழுக்கிக்கொண்டு இறங்கும். பிளந்தால் ஆவியோடு தேன் நிறத்தில் பாகு கசியும். இதற்காகவே விறகை 4 மணிக்கே பற்றவைக்க வேண்டும்.

நெருப்பருகே மேலங்கி மட்டும் பருத்தியாக இருக்கட்டும். பளபளக்கும் டவுன் ஜாக்கெட்டில் ஒரு பொறி பட்டால் அங்கே ஓட்டை, அதன் வழியே இறகு பறக்கும். கேஸ் குப்பியில் உள்ள பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. அதனால் வெளியே வைத்த அடுப்பு சோம்பி எரியும். குப்பியைக் கடைசி நிமிடம் வரை அறைக்குள் வைத்திருங்கள், நெருப்பில் காட்டிச் சூடாக்க வேண்டாம்.

குளியல்

பொதுக்குளியலில் முதலில் உட்கார்ந்து சோப்பு போட்டுக் குளித்து முடித்து, பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். நீச்சலுடை கிடையாது, துண்டு தண்ணீரில் படக் கூடாது. ஏழு வயதான பிள்ளைகளை எதிர்ப்பாலர் பக்கம் அழைத்துப் போவதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. டயப்பர் போடும் குழந்தையையும் பல இடங்களில் தொட்டிக்குள் விட மாட்டார்கள். நம் வீடுகளுக்குத் தனிக்குளியல்தான் தோது. 'காஷிகிரி' என்று கேளுங்கள்.

தாத்தா பாட்டி உடன் வந்தால் கவனம் வேண்டும். குளிர்ந்த அறையில் துணி களைந்து சட்டென்று வெந்நீரில் இறங்கினால் இரத்த அழுத்தம் ஏறி இறங்கி மயக்கம் வரும். நீர் 41 டிகிரிக்குள், நேரம் 10 நிமிடத்துக்குள். காலிலிருந்து மேலாக நீரை ஊற்றிப் பழக்கிவிட்டு இறங்க வேண்டும், எழும்போது மெல்ல. குளியல் அறை வேறு கட்டடத்தில் என்றால் தலைமுடியை அங்கேயே முழுக்க உலர்த்தி, குல்லா போட்ட பிறகே வெளியே கால் வையுங்கள்.

படுக்கை

குளிர் மேலிருந்து மட்டும் அல்ல, மெத்தைக்கு அடியிலிருந்தும் ஏறும். கிடைத்த போர்வைகளில் தடித்த ஒன்றைக் கீழே விரியுங்கள், உடனே வித்தியாசம் தெரியும். தலையணையைக் கூடாரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் சுவரில் இறங்கும் நீர் விடியற்காலையில் தலையில் சொட்டும். சுடுதண்ணீர்ப் பையைப் படுப்பதற்கு அரைமணி முன்பு போர்வைக்குள் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுங்கள். போர்வையை உதைக்கும் பிள்ளைக்கு ஃபிலீஸ் கையில்லாச் சட்டை ஒன்றைப் போட்டுவிடலாம். கைக்குழந்தைக்குக் கனத்த ரஜாயோ சுடுதண்ணீர்ப் பையோ ஆகாது, அறை 20 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும்.

காற்று மிக வறண்டிருக்கும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாசலின் தடவுங்கள். குடிக்கத் தண்ணீரை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே விட்ட புட்டி காலையில் கட்டியாகிவிடும்.

காலை

ஃபுஜி காலையில்தான் முழுதாகத் தெரியும், மதியத்துக்குள் மேகம் ஏறுவது வழக்கம். 6.30-க்குப் போர்வையோடு எழுந்து பாருங்கள், உச்சியில் முதலில் இளஞ்சிவப்பு விழும். குளிரில் கிடந்த கேமராவை அப்படியே உள்ளே கொண்டுவந்தால் நீர் கோக்கும். ஜிப் பையில் போட்டு மூடி எடுத்து வந்து, அரைமணி கழித்துத் திறங்கள்.

வெளிக்குழாய் உறைந்திருந்தால் கொதிநீர் ஊற்றாதீர்கள், குழாய் வெடிக்கும். காரின் முன்கண்ணாடிக்கும் அதே விதி. இன்ஜினை ஓடவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் பனியைச் சுரண்டுங்கள், 15 நிமிடம் பிடிக்கும். தணல் மேலும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாம்பலும் ஆவியும் முகத்தில் அடிக்கும். மூடியிட்ட இரும்புப் பாத்திரத்தில் போட்டு மூடினால் தானாக அடங்கும். வெளியேற வேண்டிய நேரம் பெரும்பாலும் 10 மணி. பிள்ளைகளுக்கு மறுபடி மூன்று அடுக்குத் துணி போட மட்டும் அரைமணி ஆகும், ஆகவே 8.30-க்குள் பை கட்டத் தொடங்குங்கள்.